கொப்பியில் இருந்த லீற்றர்கள்

2021இன் கடைசியில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலி எழுதித்தர ஒப்புக்கொண்டேன். எந்தத் தரவுத்தளத்தைப் பாவிப்பது என்ற முடிவை வேலை தொடங்கும் முன்பே எடுத்துவிட்டேன்: மொங்கோடிபி. அங்கத்தவர்களைச் சந்திக்கவில்லை. பால் எடுக்கப் போகும் தம்பியோடு ஒரு காலைகூடச் சுற்றவில்லை. குளிரூட்டும் நிலையத்தில் யார் எதை எங்கே எழுதுகிறார்கள் என்று நின்று பார்க்கவில்லை. கொழும்பில் வேலை செய்தபோது அதைப் பாவித்துக் கை பழகியிருந்தது. அட்டவணைகளை முன்கூட்டியே யோசித்து அமைக்கும் சிரமமும் அதில் இல்லை. கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த எனக்கு ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை நிறைய இருந்தது. அந்த ஆசை இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1970இல் எட்கர் கொட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த தரவுத்தளங்கள் எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைப்பவை: அங்கத்தவருக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று. எஸ்கியூஎல் என்ற மொழியில் கேள்வி கேட்டு அவற்றை இணைத்துப் பார்க்கலாம். 2000களில் கூகுள், அமேசன் போன்ற நிறுவனங்களின் தரவு அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கவில்லை. கூகுள் 2006இல் பிக்டேபிள் பற்றியும் அமேசன் 2007இல் டைனமோ பற்றியும் கட்டுரை வெளியிட்டன. அந்த வழியிலும் அதற்கு வெளியிலும் பல புதிய தரவுத்தளங்கள் வந்தன. 2009 வாக்கில் அவை எல்லாவற்றுக்கும் நோ-எஸ்கியூஎல் என்ற பொதுப்பெயர் வந்தது. பெயர்தான் பொது. மொங்கோடிபி ஒரு ஆளைப் பற்றியோ பொருளைப் பற்றியோ உள்ள எல்லாவற்றையும் ஒரே ஆவணமாக வைக்கும். ரெடிஸ் தரவைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்து மின்னல் வேகத்தில் எடுத்துத்தரும். கசாண்ட்ரா பேஸ்புக்கில் அஞ்சல்பெட்டித் தேடலுக்காக எழுதப்பட்டு 2008இல் வெளியே வந்தது. பல கணினிகளில் தரவைப் பரப்பி, ஓயாமல் வரும் பதிவுகளை வாங்கிக்கொண்டே இருக்கும். நியோ4ஜே யாருக்கும் யாருக்கும் என்ன தொடர்பு என்பதைப் பின்தொடர்வதற்கானது. 2016இல் பனாமா ஆவணங்களை ஆராய்ந்த பத்திரிகையாளர்கள் அதைத்தான் பாவித்தார்கள். இவை எல்லாம் அப்போது எனக்கு மனப்பாடம். நேர்முகத் தேர்வில் கேட்டால் தடங்கலில்லாமல் சொல்லியிருப்பேன்.

அந்தச் சங்கத்தில் பெரும்பாலானவர்களிடம் இரண்டு மூன்று மாடுகள்தான் நின்றன. இறுதிப் போருக்கு முன்னர் பட்டி பட்டியாக மாடு வைத்திருந்த குடும்பங்கள் 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தன. மீளக் குடியேறி, ஒரு பசுவோடு திரும்பத் தொடங்கியவர்களில் கணவரை இழந்த பெண்கள் பலர். காலபோகம் வருடத்துக்கு ஒருமுறை காசு தரும். குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகமும் செய்தால் இரண்டு முறை. பால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை தரும். பிள்ளையின் ரியூசன் காசு, கடைக் கடன், சீட்டுக் காசு எல்லாம் அந்தத் திகதியைப் பார்த்துத்தான் காத்திருக்கும். இது எனக்குத் தெரியாத விசயமல்ல. எங்கள் வீட்டிலும் மாடு நின்றது. தெரிந்தும் அதை என் வேலைக்குள் நான் கொண்டுவரவில்லை.

சங்கத்தின் காலை இப்படித்தான் போகும். விடிய முன்னரே தம்பி மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான் கட்டிக்கொண்டு புறப்படுவான். ஒவ்வொரு படலையிலும் பாலை அளந்து, வீட்டுக்காரரின் கொப்பியிலும் தன் கொப்பியிலும் எழுதுவான். நிலையத்தில் கான்களை அளந்து, பால்மானி போட்டுப் பார்த்து, தாங்கிக்குள் ஊற்றுவார்கள். மொத்த லீற்றர் அங்கேயுள்ள பெரிய பேரேட்டில் ஏறும். கிழமையில் இரண்டு நாள் ஒவ்வொருவரின் பாலிலும் மாதிரி எடுத்துக் கொழுப்பு வீதம் பார்ப்பார்கள். பாலுக்கு விலை அதைப் பொறுத்துத்தான்.

படலையடியில் எழுதப்பட்ட இரண்டு கொப்பிகளின் இடத்திலும் என் செயலி வந்தது. இனிக் கொப்பி தேவையில்லை என்று கூட்டத்தில் சொன்னவன் நான்.

ஒருவருக்கு ஒரு ஆவணம் என்று அமைத்தேன். பெயர், கிராமம், வங்கிக் கணக்கு இலக்கம், அதற்குள்ளேயே நாளாந்தம் தந்த பால், கொழுப்பு வீதம், முற்பணம், தீவனக் கடன். இலக்கத்தைத் தட்டினால் அந்த ஆளின் முழுக் கணக்கும் ஒரே தடவையில் திரைக்கு வரும். நிர்வாகசபைக்குக் காட்டியபோது எல்லோருக்கும் பிடித்துப்போனது. சிக்னல் இல்லாத ஒழுங்கைகளை நினைத்து, ஆவணத்தின் பிரதி போனிலும் இருக்கும்படி செய்தேன். தம்பியின் போன் அந்தப் பிரதியில் லீற்றரை எழுதும். நிலையத்துப் போன் தன் பிரதியில் கொழுப்பு வீதத்தை எழுதும். சிக்னல் கிடைத்ததும் ஒவ்வொரு போனும் தன்னிடமுள்ள முழு ஆவணத்தையும் சேவருக்கு அனுப்பும். கடைசியாக வந்ததைச் சேவர் வைத்துக்கொள்ளும்.

இந்தக் கடைசி வரியை இப்போது எழுதும்போதே நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. அன்றைக்கு அது எனக்கு ஒரு சாதாரண வரி.

நகரத்தில் இருந்துகொண்டு சோதித்தபோது ஒரு பிழையும் வரவில்லை. சங்கத்தில் முதல் மாதங்களிலும் வரவில்லை. நிலையத்தில் வைஃபை இருந்தது. அந்தப் போன் எப்போதும் புதிய பிரதியையே வைத்திருந்தது. சிக்னல் இல்லாமல் ஓடியது தம்பியின் போன் ஒன்றுதான். இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் இருட்டில் நின்றால் என்னவாகும் என்று நான் யோசித்ததே இல்லை.

2022 வந்தது. பெப்ரவரியில் தொடங்கிய மின்வெட்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பெற்றோலுக்கு வரிசை, டீசலுக்கு வரிசை. ஜெனறேற்றருக்குக் கிடைத்த கொஞ்ச டீசல் தாங்கியைக் குளிராக வைத்திருக்கத்தான் காணும். வைஃபைக்கு யாரும் இயக்கமாட்டார்கள், இயக்கவும் கூடாது. போன் கோபுரங்களின் பற்றரி இறங்க சிக்னலும் போய்விடும். அதே காலத்தில்தான் பால்மாத் தட்டுப்பாடு. 400 கிராம் பக்கெற் 790 ரூபாய்க்குப் போனது. மாட்டுப் பாலுக்கு ஒருநாளும் இல்லாத கேள்வி. இவ்வளவு காலமும் மலிவாய்ப் போன பாலுக்கு நல்ல விலை வரத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்தில் முறைப்பாடுகள் எழுந்தன. செயலி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் வரும் மொத்த லீற்றர் குறைவாக இருக்கிறது என்றார்கள்.

முதலில் ஒருவர் இருவர். பிறகு ஒரே பாதையில் பலர். எல்லாம் தம்பி பால் எடுக்கும் பாதை. நிலையத்துப் பேரேட்டைப் பார்த்தால் அவன் கொண்டுவந்த கான்களின் மொத்தம் செயலியிலுள்ள மொத்தத்தைவிடக் கூட. படலையில் வாங்கியதைவிட நிலையத்துக்குக் கூடக் கொண்டுவருகிறான் என்றால் இடையில் என்ன நடக்கிறது? தண்ணீர் ஊற்றுகிறான் என்றார் ஒருவர். வேண்டுமென்றே எழுதாமல் விட்டு, மிச்சத்தை வேறு யாருக்கோ ஏற்றுகிறான் என்றார் இன்னொருவர்.

நிர்வாகசபை என்னையும் கூப்பிட்டது. செயலியில் பிழை இருக்குமோ என்று தலைவர் கேட்டார். நான் சேவரின் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஒவ்வொரு அனுப்பலும் வெற்றி என்றிருந்தது. ஒரு தவறு அறிவிப்பும் இல்லை. "ஐயா, போனில பதிஞ்சது எண்டால் இதில இருக்கும். இல்லாட்டிப் பதியேல்லை எண்டுதான் அர்த்தம்," என்றேன். தம்பி மேசையின் மற்றப் பக்கத்தில் நின்றான். "நான் எல்லாருக்கும் பதிஞ்சனான் அண்ணை," என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். தன் போனைத் திறந்து அந்த நாட்களைக் காட்டப் பார்த்தான். அதிலும் இல்லை. அவனுக்கே குழப்பமாகிவிட்டது. விசாரணை முடியும்வரை பால் எடுக்கவேண்டாம் என்று தீர்மானித்து அறிக்கையில் எழுதினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே உண்மை மேசைமேல் இருந்தது. அவன் கொண்டுவந்த பாலில் பால்மானி ஒருநாளும் தண்ணீர் காட்டவில்லை. பேரேட்டில் நாளாந்த வாசிப்பு இருந்தது. கூடுதலான லீற்றர் வேறு எவருடைய பெயரிலும் ஏறியிருக்கவும் இல்லை. பால் உண்மையான பால், அது யாருடைய கணக்கிலும் இல்லை என்றால் கணக்குத்தான் எங்கோ தொலைந்திருக்கவேண்டும். கண்ணாடிக் குழாயில் மிதக்கும் பால்மானியை நம்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். நான் நம்பியது நான் எழுதியதை.

சில நாட்கள் கழித்து அதே பாதையில் பால் தரும் ஒரு அக்கா சங்கத்துக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. பையிலிருந்து ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது என்ர மகளின்ர கொப்பி தம்பி. பின்பக்கத்தில எழுதிக்கொண்டு வாறனான். நீங்கள் இனி எழுதத் தேவையில்லை எண்டுதான் சொன்னனீங்கள். பழகின கை, எழுதிப்போட்டன். அந்தப் பெடியன் களவெடுக்கிற பிள்ளையில்லை. ஒருக்காப் பாருங்கோ."

பென்சிலால் எழுதியிருந்தார். திகதி, காலை, மாலை, லீற்றர். நான் மடிக்கணினியைத் திறந்து அவருடைய ஆவணத்தை எடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். நான் திரையில் பார்த்தேன். இருக்கு. இருக்கு. இருக்கு. இல்லை. இருக்கு. இருக்கு. இல்லை. இல்லாத திகதிகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். எழுதிய திகதிகளைப் பார்த்தபோது செவ்வாயும் வெள்ளியுமாக இருந்தன. வேறு கிழமை ஒன்றுகூட இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் மாதிரி எடுக்கும் நாட்கள்.

பேரேட்டை வாங்கிப் பார்த்தேன். நிலையப் பொறுப்பாளர் கவனமான மனிதர். மின் போன நேரம், வந்த நேரம், ஜெனறேற்றர் இயக்கிய நேரம் எல்லாம் ஓரத்தில் எழுதிவைத்திருந்தார். துண்டிலிருந்த நாட்களில் எல்லாம் முற்பகலில் மின் இல்லை. மின் இருந்த செவ்வாய், வெள்ளிகளில் அக்காவின் பால் அப்படியே இருந்தது.

அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனையை வைத்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமையை மனதுக்குள் விடியவிட்டுப் பார்த்தேன். காலையில் இரண்டு போன்களிலும் அக்காவின் ஆவணம் திங்கள் வரையுமான கணக்கோடு இருக்கிறது. தம்பி படலையில் பாலை அளந்து தன் போனில் எழுதுகிறான். நிலையத்தில் மின் போகிறது. தம்பி ஏ9 வீதிக்கு ஏற சிக்னல் கிடைக்கிறது. அவனுடைய பிரதி செவ்வாய்ப் பாலோடு சேவருக்குப் போய்ச் சேர்கிறது. நிலையத்துப் போனுக்கு இது தெரியாது. அது தன்னிடமுள்ள பழைய பிரதியில் கொழுப்பு வீதத்தை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இரவு மின் வருகிறது. அந்தப் பிரதி முழுவதாகச் சேவருக்கு ஏறுகிறது. கடைசியாக வந்தது அதுதான். செவ்வாய்ப் பால் இல்லாத ஆவணம், செவ்வாய்ப் பால் இருந்த ஆவணத்தின் மேல் போய் உட்காருகிறது. சேவர் வெற்றி என்று எழுதுகிறது. மறுநாள் விடிய தம்பியின் போன் சேவரிலிருந்து புதிய பிரதியை இறக்குகிறது. அவனிடம் இருந்த சரியான கணக்கும் அத்தோடு போய்விடுகிறது.

அவன் தன் போனைத் திறந்து காட்டியபோது அதில் ஒன்றும் இல்லாமற் போனதற்குக் காரணம் என் செயலி. அவனிடமிருந்த ஒரே சாட்சியை ஒவ்வொரு நாளும் விடிய அதுதான் அழித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இது என்ர பிழை," என்றேன். அவருக்கு அது விளங்கியதோ தெரியவில்லை. "அப்ப காசு வருமோ தம்பி?" என்று கேட்டார்.

காசு வந்தது. சங்கம் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தது. அக்காவின் கொப்பியும் அவரைப் போல இன்னும் சிலரின் கொப்பிகளும்தான் கைகொடுத்தன. கொப்பி எழுதாதவர்களுக்குப் பேரேட்டு மொத்தத்தைப் பார்த்து, அவர்களின் வழக்கமான அளவை வைத்து, பேசித் தீர்த்தோம். அந்தப் பேச்சுகள் சுகமானவை அல்ல. சில வீடுகள் அதோடு சங்கத்துக்குப் பால் தருவதை நிறுத்தித் தனியாருக்குக் கொடுக்கத் தொடங்கின. விலை ஏறிய காலத்தில் ஒரு சங்கம் அங்கத்தவரை இழப்பது என்ன என்பதைக் கணக்குக் கொப்பி பார்த்தவர்கள் அறிவார்கள்.

முதலில் செய்த திருத்தமும் அவசரத் திருத்தம்தான். முழு ஆவணத்தை அனுப்புவதை விட்டு, அன்றைய பாலை மட்டும் ஆவணத்துக்குள் சேர்க்கச் சொன்னேன். மொங்கோடிபியில் அதற்கு வசதி எப்போதோ இருந்தது, நான்தான் பாவிக்கவில்லை. இப்போது பால் தொலையவில்லை, இரட்டித்தது. போன் அனுப்புகிறது, சேவர் சேர்த்துக்கொள்கிறது, சேர்த்துவிட்டேன் என்ற பதில் வந்துசேர முன் சிக்னல் அறுகிறது. போன் திரும்ப அனுப்புகிறது. நாலு லீற்றர் எட்டாகிறது. இன்னொரு கணக்கையும் அப்போதுதான் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு இரண்டு பதிவு என்றால் வருடத்துக்கு 730. ஒன்று 150 பைற் என்றாலும் வருட முடிவில் ஒரு ஆவணம் ஒரு லட்சம் பைற்றைத் தாண்டும். மொங்கோடிபி ஒரு ஆவணத்துக்கு 16 மெகாபைற் வரை இடம் தரும்; அந்த எல்லை எட்டாத் தூரம். ஆனால் ஒரு படலையில் நாலு லீற்றரை எழுத, ஒரு வருடக் கணக்கை அந்த மெலிந்த சிக்னலில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகுதான், மனப்பாடமாக இருந்ததை எல்லாம் திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை அமேசனின் டைனமோ கட்டுரையில் ஒரு இடம் பிடித்து நிறுத்தியது. வாடிக்கையாளரின் கூடையின் இரண்டு பிரதிகள் வேறுவேறாகிவிட்டால் என்ன செய்வது என்று பேசும் இடம். அவர்கள் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் கூடையில் போட்ட பொருள் ஒருபோதும் தொலையாது; ஆனால் எடுத்துவிட்ட பொருள் சிலவேளை திரும்பத் தலைகாட்டும். இந்த இரண்டு பிழைகளில் எதை வாடிக்கையாளர் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று யோசித்து, ஒன்றைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எரிக் புறூவர் 2000இல் முன்வைத்து, கில்பேட்டும் லின்ச்சும் 2002இல் நிறுவிய விதியும் இதைத்தான் சொல்கிறது: வலையமைப்பு அறுந்து நிற்கும் நேரத்தில் எல்லாப் பிரதியும் ஒன்றாக இருப்பதும், எல்லாப் பிரதியும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதும் சேர்ந்து கிடையாது. ஒன்றை விடவேண்டும். நான் எதை விடுகிறேன் என்று தெரியாமலே ஒன்றை விட்டிருந்தேன். விட்டது அக்காவின் பாலை.

அப்படிக் கேட்கத் தொடங்கியபோது சங்கத்தின் தேவை ஒன்றல்ல என்று தெரிந்தது. படலையில் எழுதும் லீற்றர் தொலையவே கூடாது. இரட்டித்தால் கண்டுபிடித்துத் திருத்தலாம். காசுக் கணக்கில் தொலையவும் கூடாது, இரட்டிக்கவும் கூடாது. முற்பணமும் தீவனக் கடனும் கழித்து வங்கிக்குப் போகும் தொகை ஒரு சதமும் பிசகாமல் நிற்கவேண்டும். எஸ்எம்எஸ் ஒருவருக்கு இரண்டு தடவை போனால் பாதகமில்லை.

படலைப் பதிவுக்குக் கவுச்டிபிக்குப் போனேன். லோட்டஸ் நோட்ஸில் வேலை செய்த டேமியன் காட்ஸ் 2005இல் தொடங்கியது. அறுந்து அறுந்து இணையும் கணினிகளுக்காகவே யோசிக்கப்பட்டது. ஒரே ஆவணம் இரண்டு இடத்தில் மாறிவிட்டால் ஒன்றை முன்னால் காட்டும்; மற்றதை எறியாமல் வைத்துக்கொண்டு, முரண் இருக்கிறது என்று கேட்டால் சொல்லும். கென்யாவிலும் உகண்டாவிலும் நேபாளத்திலும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுதிரியும் செயலிகள் சில இதன் மேல்தான் நிற்கின்றன. அவர்களும் எங்களைப் போலச் சிக்னலைத் தேடிப் போகிறவர்கள். ஆனால் தரவுத்தளத்தை மாற்றியதைவிடப் பெரிய மாற்றம் ஆவணத்தை மாற்றியது. இப்போது ஆளுக்கு ஒரு ஆவணம் இல்லை. ஒரு நேரத்துப் பாலுக்கு ஒரு ஆவணம். எழுதினால் எழுதியதுதான், யாரும் திறந்து மாற்றுவதில்லை. அங்கத்தவர் இலக்கம், திகதி, காலையா மாலையா, எந்தப் போன் என்பவை சேர்ந்ததே அதன் அடையாளம். எத்தனை தரம் அனுப்பினாலும் அதே ஒன்றுதான். கொழுப்பு வீதம் தனி ஆவணம். பிழை எழுதிவிட்டால் அழிக்காமல் திருத்தப் பதிவு ஒன்று போடவேண்டும், பழைய கணக்கப்பிள்ளைமார் செய்ததைப் போல. விலையும் அந்தந்தப் பதிவிலேயே நிற்கும். 2022இல் போல இடையில் விலை மாறினாலும் போன கிழமைப் பால் இந்தக் கிழமை விலைக்கு மாறாது.

காசுக் கணக்கை போஸ்ட்கிரெஸ் என்ற எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனேன். நான் பின்தங்கியதென்று ஒதுக்கிய அதே அட்டவணைகள். எஸ்எம்எஸ் வரிசை ரெடிஸில் இருக்கிறது. நினைவகத்தில் உள்ளது என்பதால் மின் போனால் கடைசி நொடிப் பதிவு போகலாம், போகட்டும், திரும்ப அனுப்பலாம். கசாண்ட்ராவைப் பற்றி நண்பர் ஒருவர் மிகவும் சொன்னார். அதன் பலம் கோடிக்கணக்கான பதிவுகளுக்கு. அதோடு முரண் வந்தால் நேரமுத்திரையைப் பார்த்துப் பிந்தியதை வைத்துக்கொள்ளும். பற்றரி இறங்கி எழும்பும் மலிவான போன்களின் கடிகாரத்தை நம்பிப் பாலை ஒப்படைக்க எனக்கு இனித் துணிவில்லை.

ஆவணத்தில் எதையும் எப்படியும் எழுதலாம் என்ற சுதந்திரத்தின் விலை பின்னர்தான் தெரிந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்து இறந்தன. மேய்ச்சல் தரையில் கிடந்தவற்றைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். யாரிடம் எத்தனை மாடு நின்றது, எத்தனை இறந்தது என்ற பட்டியல் உடனே தேவைப்பட்டது. என் பழைய ஆவணங்களில் மாட்டு விபரத்துக்கு ஒரு இடம் இருந்தது. ஒருவருக்கு "4" என்றிருந்தது. இன்னொருவருக்கு "2 பசு 1 கன்று". வேறொருவருக்கு "மூன்று, ஒன்று சினை". பாதிப்பேருக்கு ஒன்றுமேயில்லை. இறந்த மாட்டை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குப் போன் அடித்து, உங்களிடம் எத்தனை நின்றது என்று நாங்கள் கேட்கவேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்ற பிறகு, இலங்கையில் தன்னார்வலர்கள் சகானா என்ற மென்பொருளை எழுதினார்கள். பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும், அந்தக் காலத்து மிகச் சாதாரண சாமான். தேடப்படுகிறவர் யார், எந்த முகாமில் யார், எந்த அமைப்பு எந்த ஊரில் நிற்கிறது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல அது போதுமாக இருந்தது. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. மாட்டுப் பட்டியலோடு இருந்த அந்த இரவுகளில் அவர்களை அடிக்கடி நினைத்தேன். அவர்கள் கேள்வியில் தொடங்கியிருந்தார்கள்.

பின்னர் ஒருமுறை, கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்து மாணவர்கள் சிலர், குள நீர்மட்டத்தை உணர்கருவியால் அளந்து சேமிக்க எந்த நோ-எஸ்கியூஎல் நல்லது என்று கேட்டிருந்தார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நேரவரிசைத் தரவுத்தளங்கள் இரண்டைப் பற்றிச் சொன்னேன். கால்மணிக்கு ஒருமுறை வரும் வாசிப்பில் ஒன்று தவறினால் சிறுபோகக் கூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, வான் கதவு திறக்கும் இரவில் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் வாக்குவாதப்படத் தொடங்க, நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பியின் விசயத்தில் எனக்கு ஒன்று செய்யவேண்டியிருந்தது. பழைய கூட்ட அறிக்கையில் அவனைப் பற்றி எழுதியது அப்படியே கிடந்தது. தவறு செயலியுடையது, அதை எழுதியவன் நான், அவன் எல்லாப் பாலையும் ஒழுங்காகப் பதிந்திருந்தான் என்று அடுத்த அறிக்கையில் எழுதக் கேட்டேன். எல்லோருக்கும் தெரிந்துபோன விசயத்தை ஏன் திரும்ப எழுதவேண்டும் என்றார் ஒருவர். சொல்லால் போன பெயர் எழுத்தால்தான் வரும் என்று தலைவர் சொன்னார். எழுதினார்கள். அவன் அதற்கு முன்பே கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன். அடுத்தநாள் பதில் வந்தது. "அந்த அக்காக்குக் காசு குடுத்தாச்சோ அண்ணை?" குடுத்தாச்சு என்று எழுதினேன். சங்கம் திரும்ப வரச்சொல்லிக் கேட்டது. அவன் வரவில்லை. அந்தப் பாதையில் இப்போது வேறொருவர் பால் எடுக்கிறார். படலையில் போனிலும் எழுதுகிறார், வீட்டுக்காரரின் கொப்பியிலும் எழுதுகிறார். கொப்பிகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றிய அந்தச் செவ்வாய், வெள்ளிப் பதிவுகளில், பால் எடுத்தவர் என்ற இடத்தில் அவனுடைய பெயர் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் கொப்பி என்று இருக்கிறது.